ஆற்றிலிருந்து பார்த்த வீடு

அவளுக்குச் சோப்பு என்று பெயர் வைத்தது முதல் மாடி ட்யூஷன் டீச்சர். லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அழுத்துவாள், கதவுக் கைப்பிடியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பாள், யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் கை கழுவும் இடம் எங்கே என்று கேட்பாள். பல் மருத்துவமனையில் வேலை. அடுத்தவர் வாய்க்குள் போய்வந்த கருவிகளை எச்சிலும் ரத்தமும் போகத் தேய்த்து, காகிதப் பையில் போட்டு ஒட்டி, நீராவிப் பெட்டிக்குள் அடுக்கி எடுப்பது அவள் பொறுப்பு. நாள் முழுக்க அதைச் செய்கிறவள் வேறு எப்படி இருப்பாள் என்று அவள் கணவன் சிரிப்பான். நாளடைவில் அவனும் அவளைச் சோப்பு என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

அவன் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளன். மோட்டார் விஷயம் தெரிந்தவன் என்பதற்காகவே அவனைப் பிடித்துக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராக உட்கார வைத்திருந்தார்கள். தலைவர் ரிட்டயரான பேங்க் மேனேஜர். அவர் தும்மினால்கூட இவன் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுவான் என்று கட்டிடத்தில் ஒரு கேலி உண்டு. அவள் காதிலும் அது விழுந்திருக்கிறது. அவளும் சிரித்திருக்கிறாள்.

அந்தக் கட்டிடத்தின் பின்பக்கம் ஆறு. ஆனால் பின்பக்க ஜன்னலை யாரும் திறப்பதில்லை. கொசு, அப்புறம் வாடை. "ஆறுன்னா கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும்" என்பான் கணவன். அவளும் ஜன்னல் இடுக்கில் பஞ்சு அடைத்துவிட்டு அதோடு விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கயாக் படகு ஓட்டப் போகலாம் என்பது தலைவரின் யோசனை. ஒரு பயிற்சிக் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாக அழைத்துப் போகிறது. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். அதைவிட முக்கியம், ஆற்றில் இருந்தபடியே நம் கட்டிடம் பின்னால் தெரிகிற மாதிரி எல்லோரும் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளலாம். சங்கத்தின் காலண்டருக்கு ஆகும். அதற்காகவே தலைவர் ஒரு துணிப் பேனரும் அடித்து வைத்திருந்தார்.

படகுத் துறையில் இறங்கியபோது அவளுக்கே ஆச்சரியம், தண்ணீர் சுத்தமாக இருந்தது. அடியில் கூழாங்கல் தெரிந்தது. குழுவை அழைத்துப் போகும் பெண்ணை எல்லோரும் கோச் என்றார்கள். வெயிலில் கறுத்த, தோள் அகன்ற பெண். கழுத்தில் விசில். லைஃப் ஜாக்கெட் வாரை ஒவ்வொருவருக்கும் தானே இழுத்துப் பார்த்து இறுக்கினாள்.

"பாலம் வரைக்கும் போறோம், அங்கயே திரும்பிடறோம். முன்னாடி உக்கார்றவங்க வேகத்தப் பாத்துக்கங்க, பின்னாடி உக்கார்றவங்க திசையப் பாத்துக்கங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல துடுப்பு போடணும். சண்டை போடறதா இருந்தா கரைக்கு வந்து போடுங்க."

"பாலத்துக்கு அந்தப் பக்கம்தாம்மா எங்க பில்டிங்," என்றார் தலைவர்.

"அங்க தண்ணி சரியில்ல சார். நாங்க யாரையும் கூட்டிட்டுப் போறதில்ல."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். அவள் கணவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஃபோட்டோவ பாலத்துகிட்டயே எடுத்துடலாமே சார்," என்றான். குரல் மெலிந்திருந்தது.

"என்ன செக்ரெட்டரி, பேனர் அடிச்சதே எதுக்கு?"

"அதுவும் சரிதான் சார்." உடனே கோச்சின் பக்கம் திரும்பினான். "ஒரே ஒரு ஃபோட்டோ மேடம். எடுத்த கையோட திரும்பிடலாம்."

ஒரே மூச்சில் ஆள் இப்படி மாறுவதை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோச் அரைமனதாக ஒத்துக்கொண்டாள்.

இருவர் உட்காரும் படகில் அவள் முன்னால், அவன் பின்னால். முதலில் துடுப்பும் துடுப்பும் இடித்துக்கொண்டன. அவன் எண்ணச் சொன்னான், அவள் எண்ணினாள், கொஞ்ச நேரத்தில் எண்ணாமலேயே இரண்டு துடுப்பும் சேர்ந்து விழுந்து சேர்ந்து எழுந்தன. படகு வழுக்கிக்கொண்டு போனது. நாணலுக்குள்ளிருந்து ஒரு நீர்க்காக்கை எழுந்து பறந்தது.

"பரவாயில்லையே சோப்பு! வீட்டுல ஒரு விஷயத்துலயும் ஒத்துப் போக மாட்டோம், இங்க பாரு."

அவள் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு தோள் இளகியது போல் இருந்தது. துடுப்பை மடியில் வைத்துவிட்டு, கையைத் தண்ணீரில் விட்டு, ஈரக்கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து அவன் "அடேயப்பா!" என்றான்.

பாலத்தின் நிழலைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் மாறியது. முதலில் தேநீர் நிறம், அப்புறம் கறுப்பு. ஓரத்தில் பழுப்பு நுரை திட்டுத் திட்டாக ஒதுங்கியிருந்தது. வாடை வந்தது. பஞ்சு அடைத்த ஜன்னல் வழியாகக் கசிகிற அதே வாடை. இங்கே முகத்துக்கு நேரே அடித்தது. துடுப்பைத் தூக்கும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் கோல் வழியாக இறங்கி மணிக்கட்டுக்கு வந்து, சட்டைக் கைக்குள் புகுந்தது. மடியில் சொட்டியது. அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். மூக்கால் மூச்சு விட்டால் குமட்டியது, வாயால் விட்டால் அதைக் குடிப்பது போல் இருந்தது.

"சீக்கிரம் எடுத்துட்டுத் திரும்புங்க," என்றாள் கோச். அவள் குரலில் கடுப்பு.

கட்டிடம் தெரிந்தது. ஆற்றிலிருந்து அவள் அதைப் பார்த்ததே இல்லை. முன்பக்கம் அடிக்கிற வெள்ளைப் பெயின்ட் பின்பக்கம் அடிக்கப்படவில்லை. பாசியும் மழைக்கறையுமாக, சட்டையைக் கழற்றிய கிழவரின் முதுகு மாதிரி இருந்தது. மூன்றாவது மாடியின் பக்கவாட்டுப் பால்கனியில் அவள் காலையில் காயப்போட்ட மஞ்சள் போர்வை ஆடிக்கொண்டிருந்தது. அது அவர்கள் வீடு. அதற்கு நேர் கீழே, தண்ணீருக்கு ஒரு கை உயரத்தில், சுவரிலிருந்து ஒரு பெரிய குழாய் வாயைப் பிளந்துகொண்டு நீட்டியிருந்தது. அதற்குக் கீழே கரை முழுக்க ஏதோ தொங்கியது. துணி என்று நினைத்தாள். கிட்டே போனதும் தெரிந்தது, துணியில்லை. நாணலில் சிக்கிச் சிக்கிக் காய்ந்த காகிதமும், அதோடு சேர்ந்து வருகிற மற்றதும்.

கோச்சின் சொல்படி படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒருவர் படகை இன்னொருவர் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் பேனரைப் பிரித்தார். "எல்லாரும் சிரிங்க!"

அப்போது குழாய் களுக்கென்று ஒரு சத்தம் போட்டது. ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் தாமதமாக எழுந்து குளிக்கிற நேரம். முதலில் சோப்பு நுரை வந்தது. பின்னாலேயே, தொண்டையைச் செருமித் துப்புவது போல, மற்றதெல்லாம் வந்து விழுந்தது. தெறித்தது. தலைவரின் மனைவி வீலென்று அலறினாள். படகில் பின்னால் உட்கார்ந்து பேனரின் ஒரு முனையைப் பிடித்திருந்த சோப்பின் கணவன் அதை நனையாமல் காப்பாற்ற எட்டினான். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அவன் விழுந்துவிட்டான்.

இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் அடியில் சேறு. முழுகி எழுந்தபோது தலையிலிருந்து கறுப்பாக வழிந்தது. காதோரம் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. வாயைத் துப்பிக்கொண்டே இருந்தான். காலைத் தூக்கினால் இன்னும் புதைந்தது.

"கையக் குடு, சோப்பு!"

அவன் நீட்டிய கையைப் பார்த்தாள். பதினோரு வருஷமாகப் பிடித்த கை. விரல் இடுக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டாள். அவள் கை நீளவில்லை. துடுப்பின் தட்டையான முனையை நீட்டினாள். அவன் ஒரு நொடி அதைப் பார்த்துவிட்டு, அப்புறம் பிடித்துக்கொண்டான். கோச் அந்தப் பக்கமாக வந்து படகை அணைத்துப் பிடிக்க, அவன் வயிற்றால் ஊர்ந்து ஏறி உட்கார்ந்தான்.

அப்போதுதான் குழாயை அவள் சரியாகப் பார்த்தாள். பச்சைப் பெயின்ட். இலைப் பச்சை. முன்வாசல் கேட்டுக்கு அடித்த அதே பச்சை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் நகமெல்லாம் பச்சையாக வந்து நின்றதும், "கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சோம்" என்றதும், மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு விரலாகத் தான் துடைத்துவிட்டதும் ஞாபகம் வந்தது. கேட்டுக்கு ஆள் வைத்துத்தானே அடித்தார்கள்?

"இது நம்ம பைப்பா?" என்றாள்.

"மேல இருந்து எல்லாரோடதும் வருது இந்த ஆத்துல..."

"இது நம்ம பைப்பான்னு கேட்டேன்."

அவன் துப்பினான். பக்கத்துப் படகிலிருந்து ட்யூஷன் டீச்சர்தான் சொன்னாள். "அக்கா, உங்களுக்குத் தெரியாதா? சுத்திகரிப்பு மோட்டார நிறுத்திட்டு நேரா விட்டுடலாம்னு மீட்டிங்ல முடிவு பண்ணதுதானே? கரண்ட் பில் எகிறுதுன்னு. உங்க சார்தான் பைப் மாத்திக் குடுத்தார். நீங்க அன்னிக்கு டூட்டில இருந்தீங்க போல."

"எல்லாரும் கை தூக்கினீங்களா?"

டீச்சர் பேனரைச் சுருட்டுவதில் மும்முரமானாள். தலைவர், "இதெல்லாம் வீட்டுல போய்ப் பேசிக்கலாம்மா," என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அவன் அவளுக்குப் பின்னால் இருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, காற்றே அவனைக் கொண்டுவந்து கொடுத்தது. அவன் துடுப்பு ஒவ்வொரு முறை எழும்போதும் அவள் முதுகில் சொட்டு விழுந்தது. துடுப்புகள் மறுபடியும் இடித்துக்கொண்டன.

"உனக்கு அருவருப்பா இருக்கும்னுதான் சொல்லல," என்றான்.

அவள் துடுப்புப் போட்டாள்.

"நான் ஒருத்தன் வேண்டாம்னா கேப்பாங்களா? அந்தத் தெருவுல எல்லா பில்டிங்கும் இப்படித்தான் பண்றாங்க."

அவள் துடுப்புப் போட்டாள்.

"மெயின்டனன்ஸ் கம்மியாயிடுச்சுன்னு நீதானே சந்தோஷப்பட்ட? செக்ரெட்டரி சாமர்த்தியசாலின்னு உங்க அக்காகிட்ட ஃபோன்ல பெருமையா சொன்னல்ல? எப்படிக் கம்மியாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

அவள் கேட்கவில்லைதான். அந்தச் சந்தோஷத்தில் புது வாஷிங் மெஷின்கூட வாங்கினார்கள். தினமும் இரண்டு தடவை ஓடுகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்தது. படகின் ஓரம் சாய்ந்து வாந்தி எடுத்தாள். பின்னாலிருந்து அவன் அவள் முதுகைத் தடவ எட்டினான்.

"தொடாதீங்க."

துறையில் கோச் குழாயைத் திறந்து அவன் மேல் தண்ணீர் பீய்ச்சினாள். கண்ணையும் வாயையும் முதலில் கழுவச் சொன்னாள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் உடனே டாக்டரிடம் போகச் சொன்னாள். பிறகு தன் முழங்கையை நீட்டிக் காட்டினாள். உள்பக்கம் முழுக்கச் சிவந்து தடித்திருந்தது.

"காத்து மாறினா அந்தத் தண்ணி பாலத்தத் தாண்டி இங்க வரைக்கும் வரும். நாங்க தினமும் இதுலதான் இருக்கோம். எந்த பில்டிங்னு இத்தனை நாளா தேடிட்டிருந்தேன்."

அவள் கணவன் தலை குனிந்து நின்றான். தலைவர் குனியவில்லை. "சுத்தமான ஆறுன்னு சொல்லித்தானேம்மா கூட்டிட்டுப் போனீங்க? எங்க ஆளு விழுந்து அசிங்கமாயிட்டார். பாதிப் பணமாவது திருப்பிக் குடுக்கணும்."

கோச் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குழாயை மூடினாள். கேட்டுக்கொண்டு நின்ற சோப்புக்குக் கன்னம் எரிந்தது.

வேனில் சாண்ட்விச் பொட்டலம் கொடுத்தார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். யாரோ செக்ரெட்டரிக்குத் துண்டு போர்த்திவிட்டு ஜோக் அடித்தார்கள். அவனும் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சேறு கழுவினால் போய்விடும்.

வீடு வந்ததும் அவள் லிஃப்டுக்குப் போகவில்லை. "மோட்டார் ரூமைத் திறங்க," என்றாள்.

"இப்பவா? குளிச்சிட்டு வரேனே."

"குளிச்ச தண்ணி எங்க போகும்?"

அவன் சாவியை எடுத்து வந்தான். உள்ளே உடைந்த நாற்காலிகள், குழந்தை சைக்கிள்கள், மிஞ்சிய பச்சைப் பெயின்ட் டப்பா. சுத்திகரிப்புத் தொட்டியின் மூடிமேல் யாரோ பழைய மெத்தையைப் போட்டிருந்தார்கள். மூடியைத் தூக்கியதும் கரப்பான்கள் கலைந்து ஓடின. அடியில் காய்ந்த கறுப்பு ஏடு. அவன் சுவிட்சைப் போட்டான். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. ஃபியூஸ் போய்விட்டது.

"மோட்டார் துருப்பிடிச்சு இறுகிப் போயிருக்கு. நாளைக்குப் பார்க்கலாம்."

அவள் மாடிப்படி ஏறி வீட்டுக்குப் போனாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தாள், அதற்கு மேல் முடியாமல் கழிவறைக்குள் போனாள். முடித்துவிட்டு எழுந்து, தண்ணீர் விடும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். விடாமல் எப்படி இருப்பது? அழுத்தினாள். சுவருக்குள் அது இரண்டாம் மாடி, முதல் மாடி என்று இறங்கிப் போகிற சத்தத்தைக் காதைச் சுவரில் வைத்துக் கேட்டாள். கடைசியில் களுக்கென்று ஒன்று. இரண்டு வருஷமாக அந்தச் சத்தம் இருந்திருக்கிறது. கையைக் கழுவினாள். கழுவிய தண்ணீரும் அங்கேதான் போகிறது என்று தெரிந்ததும் குழாயை மூடிவிட்டு, சோப்பு நுரையோடு அப்படியே நின்றாள்.

சாயங்காலம் அவன் குளித்து, பவுடர் போட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் எழுந்து எதிர் நாற்காலிக்குப் போனாள்.

"இன்னும் நாறுதா?"

"உங்க உடம்பு நாறல. நீங்க கை தூக்கினீங்கல்ல, அதுதான். அந்தக் கைய எனக்குப் பிடிக்கல. பக்கத்துல வந்தா உடம்பு கூசுது."

அவன் தன் கையைப் பார்த்தான். எழுந்து போய்ப் படுத்தான்.

மறுநாள் அவள் மருத்துவமனையிலிருந்து வந்தபோது கட்டிட வாசலிலேயே குமட்டியது. என்றைக்கும் இல்லாத நாற்றம். மாடியெல்லாம் ஜன்னலைச் சாத்துகிற சத்தம். தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு மோட்டார் ரூம் வாசலில் கத்திக்கொண்டிருந்தார். உள்ளே அவள் கணவன் சட்டையில்லாமல் தொட்டிக்குள் இறங்கி நின்று, காய்ந்த ஏட்டை மண்வெட்டியால் வெட்டி வாளியில் போட்டுக்கொண்டிருந்தான். கழற்றிய மோட்டார் வெளியே கிடந்தது. பச்சைக் குழாயின் வளைவும் கழன்று கிடந்தது.

"ஓட்டுப் போட்டு நிறுத்தினத யாரக் கேட்டு மறுபடி ஓட்டப் போறீங்க செக்ரெட்டரி? ஆபீசுக்கு லீவு வேறயா?"

"நான்தானே சார் பைப் வெச்சேன். நானே எடுக்கறேன்."

"கரண்ட் பில் யார் கட்டறது?"

"எல்லாரும்தான். போகுறது எல்லாரோடதும்தானே?"

தலைவர் அவளைப் பார்த்தார். "எல்லாம் உன் வேலையாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியேறினார். அன்றைக்கே கட்டிடத்தில் அவளுக்கு வேறு பெயர் வந்துவிட்டது என்று பின்னால் தெரிந்தது. சோப்பு போய், நாத்தம் பிடிச்சவள். ட்யூஷன் டீச்சர் பிள்ளைகளை மாடியில் வைத்துப் பாடம் நடத்தினாள். லிஃப்டில் அவளைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டாள். கூட்டம் போட்டார்கள். செயலாளரை மாற்றினார்கள். ஆனால் புதுச் செயலாளருக்கு மோட்டாரை நிறுத்தத் தைரியம் வரவில்லை. கோச் ஆற்றிலிருந்து அந்தக் குழாயைப் படம் எடுத்து நகராட்சிக்கு அனுப்பியிருந்தாள். அதிகாரிகள் வந்து போனார்கள். தலைவர் அவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, "இப்ப ஓடுது பாருங்க" என்று தானே ஓட்டிய மாதிரி காட்டினார்.

அதெல்லாம் அப்புறம். அன்று சாயங்காலம் வேலை முடிந்து அவன் தொட்டியிலிருந்து ஏறி வெளியே வந்தான். ஆற்றில் விழுந்ததைவிட மோசமாக இருந்தான். அவளுக்கு அருவருப்பு குறையவில்லை. கிட்டே போக முடியவில்லை. ஆனாலும் மாடிக்குப் போகவில்லை. செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை இழுத்து வந்து, எட்ட நின்றபடியே அவன் மேல் பிடித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கறுப்பு கரைந்து காலடியில் ஓடி, தரைத் துளை வழியாகத் தொட்டிக்கே திரும்பியது.

கடைசியில் அவன் கேட்டான், "போதுமா?"

"திரும்புங்க," என்றாள் அவள். "முதுகுல இருக்கு."